எந்த ஊர் மணி? – கொள்முதல் செய்வோருக்கு ஒரு நேரக் கணக்கு

காலை 8 மணிக்குச் சொன்ன பாமாயில் விலையை 8.30 மணிக்கு ஏன் மாற்றுகிறீர்கள் என்று சில்லறை வணிகர்கள் மொத்த வியாபாரிகளைக் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கான பதில் நம் கடையில் இல்லை, கோலாலம்பூரில் இருக்கிறது. நமக்குக் காலை 8 மணி ஆகும்போது அங்கே 10.30 மணி. மலேசியப் பாமாயிலின் முன்பேர வர்த்தகம் அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது. அங்கே மாலை 6 மணிக்குப் பகல் வர்த்தகம் முடியும்போது நமக்குப் பிற்பகல் 3.30 மணி. அதன் பிறகு இரவு 7 மணிக்கோ 8 மணிக்கோ சிகாகோவில் சோயா எண்ணெயின் பகல் சந்தை திறக்கிறது. நாம் கல்லாவை எண்ணி ஷட்டரை இறக்கும் நேரத்தில், மறுநாள் எண்ணெய் விலைக்கான வேலை அங்கே நடந்துகொண்டிருக்கும்.

எண்ணெய் மட்டுமா? உளுந்து மியான்மரிலிருந்து வருகிறது. துவரை மொசாம்பிக், தான்சானியா நாடுகளிலிருந்து வருகிறது. மசூர் பருப்பு கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறது. காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கரையிலேயே இருக்கின்றன. நேரடியாக இறக்குமதி செய்பவர்கள் நம்மில் சிலர்தான். ஆனால் கப்பலில் வரும் சரக்கைத் தரகர் மூலம் முன்கூட்டியே பேசி வாங்குபவர்கள் பலர். கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளின் கேன்டீன்களுக்குச் சரக்கு தருபவர்களுக்கும், செங்குன்றம் அரிசி மண்டியிலிருந்து வெளிநாட்டுக்கு அரிசி அனுப்புபவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். மணியைத் தவறாகப் புரிந்துகொண்டால் நஷ்டம் நம் தலையில்தான் விழும்.

நம் மணி எப்படி வந்தது?

ஒரு காலத்தில் ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் சூரியனே கடிகாரம். உச்சி வெயில் எப்போதோ அப்போது 12 மணி. அந்தக் கணக்கில் இங்கிலாந்தின் கிரீன்விச் நேரத்தைவிடப் பம்பாய் 4 மணி 51 நிமிடமும், சென்னை 5 மணி 21 நிமிடமும், கல்கத்தா 5 மணி 53 நிமிடமும் முன்னே இருந்தன. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம்.

மாட்டுவண்டியில் சரக்குப் போனவரை இதனால் யாருக்கும் சங்கடம் இல்லை. ரயில் வந்ததும்தான் சங்கடமும் வந்தது. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து நம் திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறக்கப்பட்டது. பாதைகள் நீண்டு ஒன்றோடொன்று சேர்ந்தபோது, எந்த ஊர் மணிப்படி ரயிலை விடுவது என்ற கேள்வி எழுந்தது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவே அமைந்தது சென்னை நேரம். நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டப்பட்ட வானாய்வு நிலையம் அந்த நேரத்தைக் கணித்துக் கொடுத்தது. ஆகவே இந்திய ரயில்கள் சென்னை நேரப்படி ஓடின.

1906 ஜனவரி 1ஆம் தேதி முதல் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் வந்தது. கிரீன்விச் நேரத்தைவிட 5.30 மணி முன்னே என்று வைத்தார்கள். சென்னைக் கடிகாரங்கள் ஏறக்குறைய 9 நிமிடம் முன்னே தள்ளப்பட்டன. ஆனாலும் கல்கத்தா நகரம் தன் பழைய நேரத்தை 1948 வரையும், பம்பாய் நகரம் 1955 வரையும் விடவில்லை. அந்நாளில் பம்பாய் வியாபாரியிடம் மணி பேசிய நம் முன்னோர் 39 நிமிடக் கணக்கையும் சேர்த்தே பேச வேண்டியிருந்தது. ஒரே நாட்டுக்குள்ளேயே இவ்வளவு என்றால், கடல் கடந்து பேசும்போது எவ்வளவு கவனம் வேண்டும்!

கணக்கின் அடிப்படை

பூமி ஒரு சுற்றுக்கு 360 பாகை, 24 மணி நேரம். ஆகவே 15 பாகைக்கு ஒரு மணி. ஒரு பாகைக்கு 4 நிமிடம். பஞ்சாங்கக் கணக்கில் பழகியவர்களுக்கு இன்னும் எளிது. ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு மணிக்கு இரண்டரை நாழிகை. 6 பாகைக்கு ஒரு நாழிகை. இந்தியாவின் நேரக்கோடு உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூர் அருகே செல்லும் 82.5 பாகைக் கோடு. 82.5ஐ 4ஆல் பெருக்கினால் 330 நிமிடம், அதாவது ஐந்தரை மணி. நமக்குக் கிழக்கே உள்ள ஊர்களில் சூரியன் முந்தி உதிக்கிறது. அவர்கள் மணி நமக்கு முன்னே ஓடும். மேற்கே உள்ளவர்கள் நமக்குப் பின்னே வருவார்கள்.

நம் வியாபாரத்துக்கு வேண்டிய ஊர்களை மட்டும் கீழே தருகிறோம்.

நமக்கு முன்னே இருப்பவை:
வங்காளதேசம் – அரை மணி
மியான்மர் – 1 மணி
தாய்லாந்து, வியட்நாம், ஜகார்த்தா – 1.30 மணி
மலேசியா, சிங்கப்பூர், சீனா – 2.30 மணி
ஜப்பான், தென்கொரியா – 3.30 மணி
ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து – 4.30 மணி

நமக்குப் பின்னே இருப்பவை:
துபாய் – 1.30 மணி
சவூதி அரேபியா, கென்யா, தான்சானியா – 2.30 மணி
மொசாம்பிக் – 3.30 மணி
லண்டன் – 5.30 மணி (அவர்கள் கோடையில் 4.30)
நியூயார்க் – 10.30 மணி (கோடையில் 9.30)
சிகாகோ, கனடாவின் வின்னிபெக் – 11.30 மணி (கோடையில் 10.30)
கனடாவின் சஸ்காச்சுவான் – ஆண்டு முழுதும் 11.30 மணி

இலங்கைக்கும் நமக்கும் இன்று வித்தியாசம் இல்லை. ஆனால் மின்சாரத்தை மிச்சப்படுத்த 1996இல் அங்கே மணியை முன்னே தள்ளினார்கள். முதலில் நம்மைவிட ஒரு மணியும், சில மாதங்களில் அதைக் குறைத்து அரை மணியும் முன்னே வைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழையபடி நம் நேரத்துக்குத் திரும்பினார்கள். மலேசியாவும் அப்படியே. 1981 வரை நமக்கும் அவர்களுக்கும் 2 மணி வித்தியாசம். 1982 ஜனவரி முதல் இரண்டரை மணி ஆனது. நேரம் என்பது அரசுகள் வைப்பதுதான். மாற்றவும் செய்வார்கள். ஆகவே பழைய மனக்கணக்கை நம்பி இருந்துவிடக் கூடாது.

முள் கடிகாரம் கட்டியவர்களுக்கு ஒரு சுலப வழி உண்டு. கைக்கடிகாரத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் கிரீன்விச் நேரம் தெரியும். நமக்கு 12 மணி என்றால், தலைகீழாக 6.30 காட்டும். நமக்கு 3 மணி என்றால் 9.30 காட்டும். ஐந்தரை மணி வித்தியாசம் உள்ளவர்களுக்கு மட்டுமே இந்த வசதி!

கோடைக் குழப்பம்

அமெரிக்கா, ஐரோப்பா, கனடாவின் பெரும் பகுதி ஆகியவற்றில் கோடைக்கு மணியை ஒரு மணி முன்னே நகர்த்துகிறார்கள். அமெரிக்காவிலும் வின்னிபெக்கிலும் மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு வரை கோடை நேரம். லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை. ஆஸ்திரேலியாவுக்கு நம் குளிர்காலம்தான் கோடை. சிட்னியில் அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை மணி முன்னே போகும். அப்போது நமக்கும் அவர்களுக்கும் 4.30க்குப் பதில் 5.30 மணி வித்தியாசம். ஆனால் பக்கத்திலேயே உள்ள குயின்ஸ்லாந்தில் மணியைத் தொடுவதே இல்லை. மசூர் விளையும் சஸ்காச்சுவானிலும் மாற்றம் இல்லை. விளைச்சல்காரர் சஸ்காச்சுவானிலும் ஏற்றுமதியாளர் வின்னிபெக்கிலும் இருந்தால், குளிர்காலத்தில் இருவருக்கும் ஒரே மணி. கோடையில் ஒரு மணி வித்தியாசம். "கனடா நேரம்" என்று ஒன்று கிடையாது. ஊர்ப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

"வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள்"

இனி பணம் சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருவோம். இந்த விலை வெள்ளிக்கிழமை மாலை 5 மணி வரை செல்லும் என்று விற்பவர் எழுதுகிறார். எந்த ஊர் 5 மணி? சிங்கப்பூர் என்றால் நமக்குப் பிற்பகல் 2.30. துபாய் என்றால் மாலை 6.30. சஸ்காச்சுவான் என்றால் நமக்குச் சனிக்கிழமை விடியற்காலை 4.30. ஒரே வாக்கியத்துக்குள் 14 மணி நேர இடைவெளி இருக்கிறது. சிங்கப்பூர்க்காரருக்கு மாலை 4 மணிக்கு ஒப்புதல் அனுப்பி, காலம் கடந்தது என்று அவர் விலையை ஏற்றினால் நாம் வாதாட முடியாது. 24 டன் பருப்பு ஏற்றிய கன்டெய்னரில் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினாலே 24,000 ரூபாய். நம்மில் பலருக்கு அந்தச் சரக்கின் லாபமே அவ்வளவு இராது.

நேரத்தின் மதிப்பை நம் உச்ச நீதிமன்றமே எடுத்துச் சொன்ன வழக்கு ஒன்று உண்டு. 2019 பிப்ரவரி 16ஆம் தேதி பாகிஸ்தானிலிருந்து வரும் சரக்குகளுக்குச் சுங்க வரி 200 சதவீதமாக உயர்த்தப்பட்டது. மின்னணு அரசிதழில் அந்த அறிவிப்பு ஏறியது இரவு 8 மணி 46 நிமிடம் 58 நொடிக்கு. அன்று பகலிலேயே இறக்குமதிப் பத்திரம் தாக்கல் செய்து வரிக் கணக்கும் முடித்திருந்த வணிகர்களிடமும், தேதி அதே தேதிதான் என்று கூறி 200 சதவீதம் கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வழக்கின் பெயரிலேயே ஒரு அரிசி ஆலை இருக்கிறது: ஜி.எஸ்.சத்தா ரைஸ் மில்ஸ். அறிவிப்பு வெளியான நொடியிலிருந்தே அது செல்லும், அன்றைய தினத்தின் முற்பகுதிக்குச் செல்லாது என்று 2020 செப்டம்பர் 23ஆம் தேதி வணிகர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. தாக்கல் செய்த மணி பதிவாகி இருந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது. தேதியை மட்டும் எழுதி மணியை எழுதாமல் விடும் பழக்கம் நம்மிடம் அதிகம். அதை விட்டொழிக்க வேண்டும்.

பேச நேரம் குறிக்கும் முறை

முதலாவது, மணியோடு ஊர்ப் பெயரும் கிழமையும் தேதியும் சேர்த்து எழுதுங்கள். "திங்கள், 9ஆம் தேதி, சென்னை நேரம் காலை 10, துபாய் நேரம் காலை 8.30" என்று இரண்டையும் எழுதிவிட்டால், கணக்கில் தவறு இருந்தாலும் எதிர்த் தரப்பு கண்டுபிடித்துச் சொல்லும். கைப்பேசியில் உலகக் கடிகாரம் இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் பேசுபவர் எந்த ஊரை நினைத்துச் சொன்னார் என்பது கைப்பேசிக்குத் தெரியாது.

இரண்டாவது, இரவு 12 மணி என்று கெடு வைக்காதீர்கள். அது முடிகிற நாளா, பிறக்கிற நாளா என்ற தகராறு வரும். 11.59 என்று எழுதினால் தகராறு இல்லை. நம் ஈ-வே பில்லில்கூட 200 கிலோமீட்டர் வரையான முதல் ஒரு நாள் என்பது, எடுத்த தேதிக்கு மறுநாள் நள்ளிரவில் முடிகிறது. ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவுக்குள் சரக்கு அனுப்புபவர்கள் இதை நன்கு அறிவார்கள்.

மூன்றாவது, மூன்று ஊர்க்காரர்கள் சேர்ந்து பேச வேண்டுமானால் எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தைத் தேடுங்கள். சஸ்காச்சுவானில் விற்பவர், சிங்கப்பூரில் தரகர், இங்கே நாம் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு இரவு 7.30 என்றால் சஸ்காச்சுவானில் காலை 8, சிங்கப்பூரில் இரவு 10. நமக்குக் காலை 7 என்றால் சிங்கப்பூரில் 9.30, சஸ்காச்சுவானில் முந்தைய நாள் மாலை 7.30. இரண்டில் ஒன்றைப் பேசி முடிவு செய்யலாம்.

நான்காவது, விடுமுறை நாளைப் பாருங்கள். வங்காளதேசத்திலும் சவூதியிலும் வெள்ளி, சனி விடுமுறை. துபாயில் 2022 முதல் அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு முழு விடுமுறை. வெள்ளி அரை நாள். வியாழன் மாலை நாம் அனுப்பும் கேள்விக்குச் சவூதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஐந்தாவது, துவரை வாங்குபவர்கள் கவனத்துக்கு. தான்சானியாவில் சுவாஹிலி மொழியில் மணி சொல்லும்போது விடியலிலிருந்து எண்ணுவார்கள். நம் காலை 7 மணிதான் அவர்களுக்கு முதல் மணி. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நமக்கு இது புதிதல்ல. ஆனால் வாய்மொழியாக "3 மணி" என்று கேட்டால், அது காலை 9 மணியா என்று ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

நல்ல நேரம் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ராகு காலம் உதயத்தை வைத்துக் கணிப்பது. திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை என்பது 6 மணி உதயத்தை வைத்துச் சொன்னது. சிங்கப்பூரில் உதயம் ஏறக்குறைய 7 மணி என்பதால் அங்கே அது 8.30 முதல் 10 வரை. நம் நாட்காட்டியை அப்படியே அங்குள்ள உறவினருக்குச் சொல்லி அனுப்பினால் ஒரு மணி தவறிவிடும்.

மேலே கொடுத்த பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கல்லாவுக்கு அருகில் ஒட்டி வையுங்கள். மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களில் மட்டும் ஒரு முறை சரிபாருங்கள். தராசில் கல்லைச் சரிபார்க்காமல் நாம் சரக்கு நிறுப்பதில்லை. விலை பேசும்போது மணியையும் அப்படியே சரிபார்ப்போம்.