வலியும் எடையும்: ஒன்றையொன்று துரத்தும் வட்டம்

மாணவர்களே, இப்படி ஓர் அம்மாவைக் கற்பனை செய்து பாருங்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடையில் நாள் முழுவதும் மாலை கட்டுகிறார். கழுத்து, தோள், முதுகு, தொடை என்று உடம்பெல்லாம் மாதக்கணக்கில் வலி. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் களைப்பு நீங்குவதில்லை. இரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் குறை எதுவும் தெரியவில்லை. "எடையைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார்கள் உறவினர்கள். அது உண்மையா?

இத்தகைய வலிக்கு ஃபைப்ரோமயால்ஜியா காரணமாக இருக்கலாம். உலகில் 100 பேரில் 2 முதல் 4 பேருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. பெண்களிடமே அதிகம் காணப்படுகிறது. பாடகி லேடி காகா தமக்கு இந்நோய் இருப்பதை 2017இல் வெளிப்படையாகச் சொன்னார்.

வலி எங்கே பிறக்கிறது?

கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியின் சத்தத்தை யாரோ கூட்டிவைத்துவிட்டால், மெதுவாகப் பேசினாலும் காதைத் துளைக்கும் அல்லவா? ஃபைப்ரோமயால்ஜியாவிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. வலிச் செய்திகளைக் கையாளும் மூளையும் முதுகுத்தண்டு நரம்புகளும் அவற்றைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. அதனால்தான் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரிவதில்லை. ஆனால், வலி உண்மையானது, நடிப்பு அல்ல.

எடைக்கு என்ன பங்கு?

நார்வேயில் ஏறத்தாழ 16,000 பெண்களை 11 ஆண்டுகள் கழித்து மீண்டும் ஆராய்ந்த முடிவுகள் 2010இல் வெளியாயின. பிஎம்ஐ எனப்படும் உடல் எடைக் குறியீடு 25அல்லது அதற்கு மேல் இருந்த பெண்களுக்கு, இந்நோய் வரும் வாய்ப்பு 60 முதல் 70 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

இதற்கு இரண்டு காரணங்கள் கூறப்படுகின்றன. ஒன்று, கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு அல்ல. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 போன்ற வேதிப்பொருள்களையும் அது வெளியிடுகிறது. இவை வலி நரம்புகளின் உணர்திறனைக் கூட்டக்கூடும். மற்றொன்று, அதிக எடை தூக்கத்தில் மூச்சுத் தடையை உண்டாக்கலாம். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும்.

இப்போது மறுபக்கம் பாருங்கள். வலிக்கும்போது யாரால் ஓடியாட முடியும்? நடமாட்டம் குறைய எடை ஏறுகிறது. வலிக்குத் தரப்படும் பிரிகாபலின் போன்ற சில மருந்துகளும் எடையைக் கூட்டக்கூடும். ஆக, வலி எடையைத் தள்ள, எடை வலியைத் தள்ளுகிறது.

அப்படியென்றால் எடைதான் நோய்க்குக் காரணமா? நீங்களே கணக்குப் போடுங்கள். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு இந்நோய் இல்லை. ஒல்லியானவர்களுக்கும் இது வருகிறது. எடை வாய்ப்பைக் கூட்டுகிறது. அது மட்டுமே காரணம் அல்ல.

வட்டத்தை எங்கே உடைப்பது?

எகிப்தில் உடல் பருமனும் இந்நோயும் உள்ள 83 பேரிடம் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. ஆறு மாத உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைந்தவர்களுக்கு வலி தணிந்தது, தூக்கமும் மேம்பட்டது. நோய் அடியோடு மறையவில்லை. ஆனால், அன்றாட வாழ்க்கை எளிதாயிற்று.

ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவ அமைப்பு வெளியிட்ட வழிகாட்டியில், மிக உறுதியாகப் பரிந்துரைக்கப்பட்டது உடற்பயிற்சி ஒன்றே. எடை குறையாவிட்டாலும் அது வலிக்கு உதவும். பெர்டானா தாவரவியல் பூங்காவிலோ, கிள்ளானில் வீட்டருகே உள்ள திடலிலோ பத்து நிமிட மெதுநடை போதும். பழகப் பழக நேரத்தைக் கூட்டலாம். முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்தால், மறுநாள் வலி படுக்கையில் தள்ளிவிடும். தே தாரிக்கை 'கூராங் மானிஸ்' என்று கேட்டு வாங்குவதும் நல்ல தொடக்கமே.

வலி மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் சுகாதாரக் கிளினிக்கிற்குச் செல்ல வேண்டும். தைராய்டு கோளாறு போன்ற வேறு காரணங்கள் உண்டா என்று மருத்துவர் பார்ப்பார். எடை கூடுகிறதே என்று மருந்தைத் தாமாக நிறுத்தக்கூடாது.

உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. "எடையைக் குறைங்க" என்று சொல்வது எளிது. அதைவிட, "வாங்கம்மா, நானும் வரேன், கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாம்" என்று கூப்பிட்டுப் பாருங்கள்.