கணிப்பொறி நிரலில் சிறுபொழுது

பெரும்பொழுது, சிறுபொழுது என்னும் பாகுபாடு அகப்பொருள் இலக்கணத்தோடு நின்றுவிட்டது என்றே நாம் எண்ணியிருந்தோம். மொமென்ட் என்னும் கணிப்பொறி நிரல்தொகுப்பின் தமிழ்க் கோப்பை ஆராய நேர்ந்தபோது அவ்வெண்ணம் பிழையென்பது புலனாயிற்று. அத்தொகுப்பு 2011ஆம் ஆண்டில் தோன்றியது, ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது, அளவிற் சிறியது. கணிப்பொறி தன்னுள் காலத்தை ஓர் எண்ணாகவே வைத்துக்கொள்வது வழக்கம். கிரீன்விச் நேரப்படி 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பிறந்தது முதல் கழிந்த மில்லி விநாடிகளின் தொகையே அவ்வெண். அதனை மக்கள் படிக்கத்தக்க நாளாகவும் மணியாகவும் மாற்றித் தருவதே இத்தொகுப்பின் தொழில். மொழிதோறும் அதற்கொரு தனிக் கோப்பு உண்டு. திங்கட் பெயர், கிழமைப் பெயர், பொழுதுப் பெயர் ஆகியன அக்கோப்பில் அடங்கும்.

ஆங்கிலக் கோப்பு நாளை முற்பகல், பிற்பகல் என இரண்டாகவே பகுக்கின்றது. தமிழ்க் கோப்போ ஆறாகப் பகுக்கின்றது. இரவு 10 மணி முதல் 2 வரை யாமம். 2 முதல் 6 வரை வைகறை. 6 முதல் 10 வரை காலை. 10 முதல் பிற்பகல் 2 வரை நண்பகல். 2 முதல் 6 வரை எற்பாடு. 6 முதல் 10 வரை மாலை. நாழிகை 24 நிமிடமாதலின் நான்கு மணி நேரம் பத்து நாழிகையாகும். சிறுபொழுது ஒவ்வொன்றிற்கும் பத்து நாழிகை வகுத்த மரபு ஈண்டு வழுவாது பின்பற்றப்பட்டிருத்தல் காண்க. வைகறையும் விடியலும் ஒன்றோ இரண்டோ என்பதும், எற்பாடு ஞாயிறு படும் வேளையோ எழும் வேளையோ என்பதும் அறிஞரிடை வழக்கிற்குரியனவாய் இருந்தவை. கோப்பினை எழுதியவர் அவ்வழக்குகளுட் புகாது தீர்ப்பு வழங்கிவிட்டார்! 2010ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் பிற்பகல் 3 மணி 25 நிமிடம் 50 விநாடியை முழு வடிவில் கேட்பின், ‘ஞாயிற்றுக்கிழமை, பிப்ரவரி ௧௪வது ௨௦௧௦, ௩:௨௫:௫௦ எற்பாடு’ என்று விடை வரும். தமிழ் எண்களும் உயிர்பெற்றுள்ளன. ஆயின் நாளைச் சுட்டுமிடத்துத் தமிழர் ‘14ஆம் நாள்’ என்பரேயன்றி ‘14வது’ என்னார். பொழுதுப் பெயரை மணிக்கு முன்னர்க் கூறுவரேயன்றிப் பின்னர்க் கூறார்.

இப்பகுப்பு இன்றைய வழக்கிற்கு எவ்வளவு பொருந்தும் என்பதை அறிய ஓர் ஊரைச் சான்றாகக் கொள்வோம். கோவில்பட்டிக்குத் தெற்கே, கரிசற்காட்டு நடுவே, இருப்புப்பாதையை ஒட்டியுள்ள கடம்பூர் அதற்கு ஏற்றது. அங்குள்ளார் ஒருவர் முற்பகல் 10.15க்கு ஒரு செய்தி விடுப்பின், வடிவக் குறியிற் பொழுதுப் பெயரும் வேண்டப்பட்டிருந்தால், திரையில் நண்பகல் என்று தோன்றும், இரவு 9.30க்கு விடுப்பின் மாலை என்று தோன்றும். ‘கருக்கல்’, ‘உச்சி’, ‘சாமம்’ எனப் பேசும் ஊரினர்க்கு இவை வியப்பளிக்கும். நெய்தற்குரிய எற்பாடு கரிசல் நிலத்தில் நாள்தோறும் 2 மணிக்குத் தவறாது தொடங்குவதும் ஒரு வேடிக்கையே. ஞாயிற்றின் இயக்கமும் இப்பகுப்போடு முற்றும் இயையாது. 1906ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுக் கடிகாரம் கிழக்கு நெடுவரை 82½ பாகையை ஒட்டி ஓடுகின்றது. கடம்பூரோ 78 பாகைக்குச் சற்று மேற்கே உள்ளது. ஆதலின் அங்கு ஞாயிறு உச்சியை அடைதல், சராசரியாகக் கணக்கிடின், கடிகாரத்தின் 12 மணிக்கு ஏறத்தாழப் 18 நிமிடம் பிந்தியே நிகழும்.

இவை பொறுக்கத்தக்கன. நாம் வருந்துவது வேறொன்றற்கு. இன்னும் எத்துணை நாளில், எத்துணை நாளுக்கு முன் எனக் கூறும் பகுதியில் கோப்பு இரண்டே வாய்பாடுகளைக் கொண்டுள்ளது. காலப் பெயரை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ‘இல்’ என்று சேர்ப்பது ஒன்று; ‘முன்’ என்று சேர்ப்பது மற்றொன்று. எனவே மூன்று நாளில் வரவிருக்கும் நிகழ்ச்சி ‘௩ நாட்கள் இல்’ என்று அறிவிக்கப்படுகின்றது. (‘நாள்கள்’ என்பதே நேரிதென்பார் உளர், அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டா.) மெய்யீற்றின்மேல் உயிர் ஏறி ‘நாட்களில்’ என வரவேண்டியது பிளந்து நிற்கின்றது. ‘ஒரு மாதம் இல்’ என்பது இன்னும் கேடானது. மகரம் கெட்டு அத்துச்சாரியை பெற்று ‘மாதத்தில்’ ஆகவேண்டிய சொல் அது. இலக்கியப் பயிற்சியுடையார் செவிக்கு ‘இல்’ என்பது ‘இல்லை’ என்றே ஒலிக்கும். வானம் பார்த்த பூமியாகிய கடம்பூரில் ஓர் உழவர் மழை வரவை நோக்கி, ‘மழை: ௩ நாட்கள் இல்’ என்பதைப் படிப்பாராயின் என்ன பொருள் கொள்வார்? ‘௩ நாட்கள் முன்’ என்பதிலும் நான்கனுருபு தொக்கு நிற்கவில்லை, விடுபட்டே போயிற்று. ஓர் ஆண்டைக் குறிக்குமிடத்து ‘வருடம்’ என்றும், பலவற்றைக் குறிக்குமிடத்து ‘ஆண்டுகள்’ என்றும் எழுதியிருப்பதற்குக் காரணம் விளங்கவில்லை.

இப்பிழை தொகுப்பின் அமைப்பால் நேர்ந்ததன்று. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் வேற்றுமைக்கேற்பத் திரிவதில்லை; முன்னோ பின்னோ ஒரு சொல்லை ஒட்டினாற் போதும். அவ்வாறு திரியும் மொழிகட்கெனத் தொகுப்பு வேறொரு வழியும் வைத்துள்ளது. நிலையான சொல்லுக்கு மாறாக ஒரு சிறு சார்பினை எழுதின், சொல் தனித்து நிற்கின்றதா, ஒட்டுப் பெறுகின்றதா என்பதோடு, குறிக்கப்படுவது வருங்காலமா இறந்தகாலமா என்பதும் அச்சார்புக்குத் தெரிவிக்கப்படும். ஜெர்மன் கோப்பு அவ்வழியைக் கைக்கொண்டு, தனித்து நிற்கும்போது ‘ஐன் மோனாட்’ என்றும், ஒட்டுப் பெறும்போது ‘ஐனெம் மோனாட்’ என்றும் தன் ‘ஒரு மாதம்’ என்பதைச் செவ்வனே திரிக்கின்றது. தமிழ்க் கோப்பில் அது செய்யப்படவில்லை.

யூனிகோடு கூட்டமைப்பு வெளியிடும் மொழிவாரித் தரவுத்தொகுதியில் இக்குறை இல்லை. அங்கே ஒவ்வொரு கால அளவுக்கும், ஒருமை பன்மை இரண்டற்கும், முழுத்தொடரே எழுதப்பட்டுள்ளது. ஆதலின் ‘3 நாட்களில்’, ‘3 நாட்களுக்கு முன்’ என்று வழுவின்றி வரும். இக்கால இணைய உலாவிகள் அத்தரவையே பயன்படுத்துகின்றன. அதன் பொழுதுப் பெயர்கள் அதிகாலை, காலை, மதியம், பிற்பகல், மாலை, அந்தி மாலை, இரவு என வழங்குவனவே. யாமத்திற்கும் எற்பாட்டிற்கும் அங்கு இடமில்லை.

மொமென்ட் தொகுப்பிற் புதிய வசதிகள் இனிச் சேர்க்கப்படா என 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் அதனைப் பேணுவோர் அறிவித்தனர். எனினும் முன்னரே அதனைக் கொண்டு எழுதப்பட்ட நிரல்கள் பல. அவற்றை நடத்துவோர், மூலக் கோப்பைத் தொடாமலே, மொழிக்குரிய வரையறைகளைத் தம் நிரலுள் மாற்றிக்கொள்ளத் தொகுப்பு இடந்தருகின்றது. விநாடி, நிமிடம், மணி, நாள், மாதம், ஆண்டு ஆகிய ஆறற்கும் ‘மாதத்தில்’, ‘மாதத்திற்கு முன்’ என்றாற்போன்ற வடிவங்களைச் சார்பின் வழித் தந்து, பழைய ‘இல்’, ‘முன்’ வாய்பாடுகளில் ஒட்டுச்சொல்லை நீக்கிவிடின், எற்பாட்டை இழவாமலே இவ்வழுக்களைக் களையலாம்.