வழுப் பெறுமானங்களும் கோப்பு முறைமையின் பொறுப்பும்

கணனியில் ஒரு கோப்பினை எழுதும் செய்நிரலுக்கு, எழுதி முடிந்தது என்னும் விடை கிடைக்கின்றது. அவ்விடையை நாம் எவ்வளவு தூரம் நம்பலாம்? பெரும்பாலும் அவ்வேளையில் தரவு நினைவகத்தில் மட்டுமே இருக்கும். வட்டைச் சென்றடைவது பின்னரேயாகும். இடையில் நேரும் வழு, எழுதுமாறு கேட்ட செய்நிரலுக்குத் தெரியவருகின்றதா என்பதே இங்கு நாம் ஆராயும் வினாவாகும்.

லினக்ஸ் இயக்க முறைமையின் கருநிரலிற் பெரும்பகுதி சீ மொழியில் எழுதப்பட்டது. அம்மொழியில் வழு தானாக மேலெழுவதில்லை. வெற்றியுற்ற சார்பு பூச்சியத்தையோ நேர்ப் பெறுமானத்தையோ திருப்பித் தரும். தோல்வியுற்றது மறைப் பெறுமானத்தைத் தரும். உள்ளீட்டு வெளியீட்டு வழுவுக்கு -5, வட்டில் இடமின்மைக்கு -28 என்பன வழக்கு. வட்டின் செலுத்தி, கோப்பு முறைமை, அதன் மேலுள்ள பொதுப்படை எனப் பல படிகளைக் கடந்தே இவ்வெண் மேலே வருகின்றது. ஏதேனும் ஒரு படியில் அதனைப் பாராது விட்டால், தோல்வி வெற்றியாகத் தோற்றமளிக்கும்.

இது அரிதான தவறன்று. 2008இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லினக்ஸ் 2.6இன் கோப்பு முறைமைகள் அனைத்தையும் மூன்று முக்கிய செலுத்திகளையும் ஆராய்ந்து, 1153 அழைப்புகளில், அதாவது 13 சதவீதமானவற்றில், வழுக்குறி கைவிடப்படுவதைக் கண்டனர். வாசிப்பு வழுக்களைவிட எழுத்து வழுக்களே கூடுதலாகப் புறக்கணிக்கப்பட்டன. வாசிப்பவர் விடைக்காகக் காத்து நிற்கின்றார். எழுதியவரோ விடைபெற்றுச் சென்றுவிட்டார். பின்னர் நேரும் வழுவை யாரிடம் சொல்வது என்பதே இடர்ப்பாடாகின்றது.

இதன் விளைவு 2018இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள ஆக்குநரிடையே வெளிப்பட்டது. தரவை வட்டில் உறுதிப்படுத்தும் எஃப்சிங்க் அழைப்பு ஒருமுறை வழுவினைத் தந்தபின், மறுமுறை அழைத்தபோது வெற்றி என்றது. எழுதப்படாத பக்கங்களைக் கருநிரல் தூயனவெனக் குறித்துவிட்டமையே காரணம். மீள முயல்வது பாதுகாப்பு என்ற நம்பிக்கை தகர்ந்தது. 2019இல் அத்தரவுத்தளம் தன் போக்கை மாற்றியது: இத்தகைய வழு நேரின் இயக்கத்தை நிறுத்தி, முன்பதிவேட்டிலிருந்து தரவை மீட்கின்றது.

கருநிரல் எழுதுவோர் கைக்கொள்ள வேண்டிய நெறிகள் சில உள. ஒவ்வோர் அழைப்பின் பெறுமானத்தையும் சோதித்தல் வேண்டும். தோல்வியுற்றால், பெற்ற வளங்களைப் பெற்ற ஒழுங்கின் எதிர்முறையில் விடுவித்தல் வேண்டும். விடுவிக்கையில் நேரும் இரண்டாம் வழு முதலாவதை அழித்துவிடலாகாது. மேலே அறிவிக்க வழியில்லையெனின், கோப்பு முறைமையை வாசிப்புக்கு மட்டும் உரியதாக்குதல் தகும். மேலும் சேதம் விளையாது தடுக்க அது உதவும்.

வைத்தியசாலைப் பதிவுகளும் தொழிலாளரின் சம்பளக் கணக்குகளும் இன்று இத்தகைய கோப்புகளிலேயே தங்கியுள்ளன. தரவு இழக்கப்பட்டதை உடனே அறிந்தவர் அதனை மீட்க முயலலாம். அறியாதவருக்கு அவ்வாய்ப்பும் இல்லை. ஆதலின், வழுவை உரியவரிடம் சேர்ப்பித்தல் கருநிரலின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றென நாம் கொள்ளல் வேண்டும்.