கரணை வாங்குமுன் தாய்க்குத்தைப் பாருங்கள்

கறவை மாடு வைத்திருப்பவர்களுக்குக் கம்பு நேப்பியர் புல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நட்ட 75, 80 நாளில் முதல் அறுப்பு. அப்புறம் 45 நாளுக்கு ஒருதரம் அறுத்துக்கிட்டே இருக்கலாம். ஆனால் இதை ஏன் விதை போட்டு வளர்ப்பதில்லை, கரணை வெட்டியே நடுகிறோம்?

இந்தப் புல் கம்புக்கும் நேப்பியருக்கும் பிறந்த பிள்ளை. கோவையில் 2008-ல் வெளியிட்ட கோ 4 ரகமும் இப்படி வந்ததுதான். பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் நுண்ணிய இழைகளுக்குக் குரோமோசோம் என்று பெயர். கம்பில் 14, நேப்பியரில் 28. இரண்டிலும் பாதிப் பாதி வாங்கிக்கொண்ட பிள்ளைக்கு 21. ஏரில் மாடு பூட்டுவது போல இவை ஜோடி சேர்ந்தால்தான் விதை பிடிக்கும். இதிலே ஜோடி சரியாகச் சேராது. அதனால் கதிர் வந்தாலும் மலட்டுக் கதிர்தான்.

ஆகவே கரணையில் வளரும் ஒவ்வொரு குத்தும் தாயின் அச்சு அசல். தாயின் விளைச்சல் அப்படியே வரும். தாய்க்கு நோய் தாங்கும் குணம் இல்லையென்றால் அந்தக் குறையும் வயல் முழுக்க வரும். ஒரு குத்தை வீழ்த்திய நோய்க்கு அடுத்த குத்தும் தப்பாது.

கென்யா நாட்டில் நேப்பியர் புல்லையே நம்பி மாடு வளர்த்த சிறு விவசாயிகள் இதை அனுபவித்தார்கள். அவர்களும் கரணை வைத்தே நடுகிறவர்கள். முதலில் கரிப்பூட்டை நோய் வந்தது. பிறகு குட்டை நோய். அறுத்த பின் துளிர் வெளிறி, குட்டையாகி, கடைசியில் குத்தே செத்துப் போகும். இது தத்துப்பூச்சியாலும், நோயுள்ள கரணையாலும் பரவும். கரிப்பூட்டையைத் தாங்கும் ககமேகா 1 என்ற ரகத்தை அங்கே தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் ஒரு நோயைத் தாங்கும் ரகம் எல்லா நோயையும் தாங்கும் என்று எண்ணிவிடக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குணம் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது என்ன? இனாமாகக் கிடைக்கிறதே என்று கண்ட கரணையை வாங்காதீங்க. தாய்க்குத்தை நேரில் போய்ப் பாருங்க. அறுத்த பின் பச்சையாக, ஒரே சீராகத் துளிர்க்கிற குத்தில் மட்டும் இரண்டு கணுக் கரணை எடுங்க. வெளிறிக் குட்டையான குத்தை வேரோடு தோண்டி எரித்துவிடுங்க. ஒரே ரகத்தை நம்பாமல் இரண்டு ரகம் வையுங்க. கூடவே வேலிமசாலும் கொஞ்சம் போடுங்க. ஒன்று போனாலும் மாட்டுக்குத் தீனி நிற்காது.