சர்வைவர் (தமிழ்த் தொலைக்காட்சி நிகழ்ச்சி)

சர்வைவர் என்பது 2021 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ஜீ தமிழ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான மெய்நிலை நிகழ்ச்சி ஆகும். நடிகர் அர்ஜுன் தொகுத்து வழங்கினார். படப்பிடிப்பு தான்சானியாவின் சான்சிபாரில் நடைபெற்றது.

தோற்றம்

இதன் மூல வடிவத்தை உருவாக்கியவர் பிரித்தானியரான சார்லி பார்சன்சு. 1997 இல் சுவீடனில் எக்சுபெடிசன் ராபின்சன் என்னும் பெயரில் முதன்முதலாக ஒளிபரப்பானது. அமெரிக்கப் பதிப்பு 2000 இல் தொடங்கியது.

விதிமுறைகள்

தமிழ்ப் பதிப்பில் போட்டியாளர்கள் காடர்கள், வேடர்கள் என இரு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். குடில் அமைத்தல், தீ மூட்டுதல், உணவு தேடல் ஆகியன அவர்களின் பொறுப்பு. போட்டியில் தோற்ற அணி, தன் உறுப்பினர் ஒருவரை வாக்களித்து வெளியேற்றும். ஆகவே காட்டில் வாழும் திறன் மட்டும் போதாது. உடனிருப்போரின் இணக்கமும் தேவை.

மாறுபட்ட போட்டியாளர்

இயல்புக்கு மாறாக நடப்பவரே முதலில் வெளியேற்றப்படுவார் என எதிர்பார்ப்பது வழக்கம். அமெரிக்காவின் முதல் பருவத்தில் இது பொய்த்தது. மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள புலாவ் திகா தீவில் 16 பேர் பங்கேற்றனர். அவர்களுள் ரிச்சர்ட் ஹாட்ச் அடிக்கடி ஆடையின்றி உலவினார். எனினும் மீன் பிடித்து அணியினருக்கு உணவளித்தார். கூட்டணி அமைத்து வாக்குகளை ஒருங்கிணைத்தார். இறுதியில், முன்னர் வெளியேற்றப்பட்டோருள் 7 பேர் நடுவர்களாக வாக்களித்தனர். 4-3 என்ற கணக்கில் வென்ற ஹாட்ச் 10 இலட்சம் டாலர் பெற்றார். பிடிக்காதவராயினும் பயன்படுபவரை அணி எளிதில் இழக்க விரும்பாது என்பதற்கு இது சான்றாகும்.

வெற்றியாளர்

தமிழ்ப் பதிப்பில் இயக்குநர் அகத்தியனின் மகளான நடிகை விஜயலட்சுமி வென்று, 1 கோடி ரூபாய் பரிசு பெற்றார்.