ஆளைக் குறை சொல்லும் முன்...

பல குடித்தனம் உள்ள காம்பவுண்டில், தண்ணீர் மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும்தான் முன்பெல்லாம் மனஸ்தாபம் வரும். இப்போது அந்த வரிசையில் இன்டர்நெட்டும் சேர்ந்துவிட்டது!

எங்கள் காம்பவுண்டில் மூன்று வீடுகள். ரூட்டர், மாடியில் வீட்டுக்கார அம்மாவிடம் இருக்கிறது. அங்கிருந்து கேபிள் இழுத்து மூவரும் பயன்படுத்துகிறோம். கட்டணத்தைப் பங்கு போட்டுக் கொள்வோம்.

கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் என் நாத்தனார், லீவுக்கு வந்திருந்தாள். மறுநாள் காலை, வேலைக்கான ஆன்லைன் தேர்வு. எங்கள் வீட்டில் வைஃபை விட்டு விட்டு வரும் என்பதால், லேப்டாப்பில் கேபிளைச் செருகினாள். இணைப்பு வரவே இல்லை. "மேல இருக்கறவங்கதான் ஏதோ பண்ணிட்டாங்க... காசு மட்டும் கரெக்டா வாங்கறாங்க" என்று மாமியார் சண்டைக்கே கிளம்பிவிட்டார். "கொஞ்சம் பொறுங்க அத்தை" என்று நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டர் வேலை தெரிந்த என் தம்பிக்குப் போன் போட்டேன்.

"மிக்ஸி ஓடலேன்னா என்னக்கா செய்வே? அதே பிளக்ல வேற சாமானைப் போட்டுப் பார்ப்பியே, அதையே செய்" என்றான்.

முதலில் கேபிளை இரண்டு முனையிலும் 'க்ளிக்' சத்தம் வரும்படி அழுத்திச் செருகினோம். செருகும் இடத்தில் சின்ன விளக்கு எரிந்தது. பிறகு பக்கத்து வீட்டு அக்காவின் லேப்டாப்பை வாங்கி, அதே கேபிளில் போட்டோம். உடனே இன்டர்நெட் வந்தது! ஆக, கேபிளும் சரி, மாடி ரூட்டரும் சரி. கோளாறு எங்கள் லேப்டாப்பில்தான்.

காரணம் இதுதான்: வீட்டுக்குக் கதவு எண் போல, ஒவ்வொரு லேப்டாப்புக்கும் ஐ.பி. எண் வேண்டும். வீட்டு ரூட்டர் அதைத் தானாகவே கொடுக்கும். ஆனால், விடுதியில் கேபிள் இணைப்புக்கு ஒரு எண்ணை நிரந்தரமாகப் பதிந்து கொடுத்திருந்தார்களாம். அந்த எண் இங்கே செல்லவில்லை.

விண்டோஸில் 'செட்டிங்ஸ்', 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', 'ஈதர்நெட்' என்று போய், 'ஐ.பி. அசைன்மென்ட்' பக்கத்தில் உள்ள 'எடிட்'டைத் தொட்டு, 'ஆட்டோமேடிக்' என்று மாற்றினோம். அவ்வளவுதான்! நாத்தனார் நிம்மதியாகத் தேர்வு எழுதினாள். பைசா செலவில்லை, மாடி வீட்டாரோடு மனக்கசப்பும் இல்லை.

தம்பி சொன்ன இன்னொரு விஷயம்: ஐ.பி. எண் 169.254 என்று ஆரம்பித்தால், ரூட்டரிடமிருந்து லேப்டாப்புக்கு எண் வந்து சேரவில்லை என்று அர்த்தம். கேபிளைச் சரிபார்த்து, மற்ற வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ரூட்டரை ஒரு நிமிடம் அணைத்துப் போட்டுப் பார்க்கலாம். ஒரே எண்ணை இரண்டு பேர் நிரந்தரமாகப் பதிந்து வைத்திருந்தாலும் இணைப்பு தகராறு செய்யுமாம்.

தோழியரே, கூட்டு இணைப்பில் கோளாறு வந்தால், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிச் சண்டை போடாதீர்கள்; அவர்கள் லேப்டாப்பைக் கொஞ்சம் கடன் கேளுங்கள். கோளாறு எங்கே என்பது ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்!

– ஒரு வாசகி, கும்பகோணம்.