எல்லாம் ஒரு பென்னிதான்!

இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள லீட்ஸ், துணி ஆலைகளால் வளர்ந்த நகரம். பிழைப்புத் தேடி அங்கே வந்தவர்களில் சிலர் பெரும் வணிகர்களாக உயர்ந்தார்கள். அன்றைய ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூதர் மைக்கேல் மார்க்ஸ், 1884-இல் லீட்ஸின் கிர்கேட் சந்தையில் சிறு கடை போட்டார். ஆங்கிலம் அவருக்குச் சரளமாக வராது. அதனால், ‘விலை கேட்க வேண்டாம், எல்லாம் ஒரு பென்னிதான்’ என்று பலகை எழுதி வைத்தார். வியாபாரம் சூடு பிடித்தது. 1894-இல் டாம் ஸ்பென்சர் 300 பவுண்டு முதல் போட்டுக் கூட்டாளியானார். அதுதான் இன்றைய மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடை நிறுவனம்! லித்துவேனியாவில் பிறந்த மாண்டேக் பர்ட்டனும் லீட்ஸில்தான் கோட்டு சூட்டு தைக்கும் ஆலை நடத்தினார். ஒரு காலத்தில் அங்கே 10,000 பேர் வேலை பார்த்தார்கள். வந்தவர்களுக்கு இடம் கொடுத்த ஊருக்கு, அவர்களே வேலையும் வருமானமும் கொடுத்தார்கள்.